சொம்பில் சாய்ந்திருந்த வாப்பா

தொழுது முடித்துக் கையேந்தும்போது, என் மகளுக்கும் வீட்டுக்காரருக்கும் கேட்ட பிறகு, இன்னும் இரண்டு பேருக்காகக் கேட்பேன். ஒருவர் ராமநாதபுரத்துக் குழந்தை டாக்டரம்மா. இன்னொருவர் குவைத்தில் என் வீட்டுக்காரரோடு ஒரே அறையில் இருந்த நேபாளிக்காரர். அந்த மனிதரின் முகத்தை நான் இன்றுவரை பார்த்ததே இல்லை. பார்க்காத முகத்துக்காகத் துஆ கேட்கிறேன் என்றால் அதற்கு ஒரு கதை இருக்கிறது.

எங்கள் ஊர், பாம்பன் போகிற வழியில் மண்டபம் என்ற ஊருக்கு இந்தப் பக்கம், கடலை ஒட்டி இருக்கிறது. தெருவில் வீட்டுக்கு ஒரு ஆம்பிளையாவது வெளிநாட்டில் இருப்பார். ஊரிலேயே தங்கிவிட்ட ஆளைப் பார்த்தால் உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று விசாரிப்பார்கள், அப்படிப்பட்ட ஊர். என் வீட்டுக்காரர் குவைத்துக்குப் போகும்போது எங்கள் மகள் குப்புற விழக்கூடத் தெரியாத பிள்ளை. என் உம்மா அதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணத்தில் அவர்கள் எனக்குக் கொடுத்த வீட்டில் நானும் பிள்ளையும் மட்டும். பக்கத்துத் தெருவில் என் வீட்டுக்காரரின் அக்கா இருக்கிறார். அவர் லாத்தா என்பார், நான் மச்சி என்றுதான் கூப்பிடுவேன். தினமும் ஒரு தடவையாவது வந்து, வீடு பெருக்கியிருக்கிறேனா என்று மூலையெல்லாம் பார்த்துவிட்டு, பிள்ளையைக் கொஞ்சிவிட்டுப் போவார்.

எங்கள் தெருப் பெண்களுக்கு ஒரு பேச்சுப் பழக்கம் உண்டு. வெளிநாட்டிலிருந்து வீட்டுக்காரர் வீடியோவில் கூப்பிட்டால், "வாப்பா வந்துட்டாக, ஓடியா ஓடியா" என்பார்கள். பிள்ளை போனைத் தூக்கினால், "வாப்பாவக் கீழ போட்டுறாதம்மா" என்பார்கள். சார்ஜில் போட்டிருந்தால், "வாப்பா தூங்குறாக, தொடாத" என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். பிள்ளைக்குப் பாசம் ஒட்ட வேண்டாமா? கண்ணாடிக்கு முத்தம் கொடுக்க அவளுக்கு நான்தான் பழக்கினேன். எச்சிலைத் துப்பட்டாவால் துடைத்துத் துடைத்து என் துப்பட்டா முனையெல்லாம் பால் வாடை அடித்தது.

சஹன் சாப்பாடு என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பெரிய தட்டு ஒன்றில் சோற்றைக் கொட்டி, சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதிலேயே சாப்பிடுவது. எங்கள் வீட்டில் பகல் சோற்றுக்குச் சஹன்தான். சஹனில் ஒரு பக்கம் காலியாகக் கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் அந்தப் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பை வைத்து, அதில் போனைச் சாய்த்து, அவரை உட்கார வைத்துவிடுவேன். அங்கே அவருக்கு அது இடைவேளை நேரம். அவர் குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிடுவார், நாங்கள் நகரை மீன் குழம்பில் சோறு பிசைவோம். "குழம்புல உப்பு கூடிப்போச்சு போலயே" என்பார். "அங்கன இருந்து உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று நான் சீறுவேன். "நீ தண்ணி குடிக்கிறதப் பாத்தாத் தெரியாதா?" என்பார். எங்கள் குடித்தனம் இப்படித்தான் நடந்தது, சந்தோஷமாகத்தான் நடந்தது.

அவர் போனை வைத்தவுடன்தான் வினை. பிள்ளை வீல் என்று கத்துவாள். அதை அடக்க, அதே போனில் பொம்மைப் படம் போட்டுவிடுவேன். அது பாட்டுக்கு ஓடும், இவள் வாயைப் பிளந்து பார்ப்பாள், நான் மீன் அறுப்பேன், துணி துவைப்பேன். உள்ளதைச் சொன்னால், அந்தப் போன் இல்லாவிட்டால் எனக்குக் குளிக்கக்கூட நேரம் கிடைத்திருக்காது. ஒண்டியாகப் பிள்ளை வளர்த்துப் பாருங்கள், தெரியும். அதைக் கையில் கொடுக்காதவர்கள் யாராவது இருந்தால் வரட்டும், அவர்களுக்கு நான் சலாம் வைக்கிறேன்.

இரண்டு வயதும் தாண்டிவிட்டது. அவளுக்கு ஒரே ஒரு வார்த்தைதான். வாப்பா. தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்துச் சொம்பிடம் இழுத்துப் போவாள். எதிர்வீட்டில் இவள் வயதுப் பிள்ளை அவன் உம்மாவோடு சண்டையே போடுகிறான். "இவ வாப்பாவுக்கும் பேச்சு லேட்டுத்தான், விடுடி" என்று மச்சி சமாதானம் சொல்வார். நானும் விட்டேன்.

ஒருநாள் காலையில் மச்சி மூச்சிரைக்க வந்தார். கையில் அவர் போன். வாட்ஸப்பில் யாரோ அனுப்பிய படம். ஒரு குழந்தையின் மண்டைக்குள் சிவப்புச் சிவப்பாய்க் கோடுகள் பாய்கிற மாதிரி வரைந்திருந்தது. "பாத்தியா? போன்ல இருந்து கதிர் கெளம்பி பச்சப்புள்ள மண்டைக்குள்ள பாயுதாம்டி. அதான் இவ பேச மாட்டேங்குறா!" என்றார். அந்தப் படத்தை எனக்குக் காட்டுவதற்காக, பிள்ளையின் தலைக்குப் பக்கத்திலேயேதான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. பிள்ளையை வெடுக்கென்று என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"இரும்புக்குள்ள வச்சா வெளிய வராதாம்" என்று மச்சியே வழியும் சொன்னார். இரண்டு பேருமாகச் சேர்ந்து என் போனை ஒரு துணியில் சுற்றி, எவர்சில்வர் அரிசி டிரம்முக்குள் இறக்கி, மூடியை அமுக்கி மூடினோம். பிள்ளை பார்த்துக்கொண்டே நின்றாள். நாங்கள் நகர்ந்ததும் போய் டிரம்மைக் கட்டிப்பிடித்து, "வாப்பா! வாப்பா!" என்று ஓங்கி அழ ஆரம்பித்தாள். டிரம்மைக் கையால் தட்டுகிறாள், மூடியைப் பிறாண்டுகிறாள். தன் வாப்பாவை நாங்கள் அரிசிக்குள் புதைத்துவிட்டோம் என்றே பிள்ளை நினைத்திருக்கிறாள்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பகலில் அவர் கூப்பிட்டிருக்கிறார். மூடிய டிரம்முக்குள் டவர் எங்கே கிடைக்கும்? தொடர்பு எல்லைக்கு வெளியே என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. மச்சியின் போனுக்கு அடித்திருக்கிறார். மச்சி பயத்தில் அதையும் அணைத்து வீட்டில் போட்டிருந்தார். மனிதருக்கு உயிரே போய்விட்டது. பரமக்குடியில் கடை வைத்திருக்கும் என் தம்பிக்கு அடித்து, தம்பி எதிர்வீட்டுக்கு அடித்து, எதிர்வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்குத் தகவல் போய், ஜும்மா தொழுகை முடிந்து வந்த ஆம்பிளைகள் பாதிப் பேர் என் வாசலில் நின்றார்கள். "என்னம்மா, வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கீகளா?" உள்ளே பிள்ளை டிரம்மைக் கட்டிக்கொண்டு வாப்பா வாப்பா என்று அலறுகிறாள். வந்தவர்களில் ஒரு பெரியவர், சாவுச் சேதி கேட்டால் ஓதுகிற "இன்னா லில்லாஹி"யை ஆரம்பித்தேவிட்டார். "ஐயோ, அவுக நல்லா இருக்காக, அரிசிக்குள்ள இருக்காக!" என்று நான் கத்தினேன். பிறகு ரொம்ப நாளைக்கு எங்கள் தெருவில் என்னைப் பார்த்தால், "இன்னைக்கு மாப்பிள்ளைய ஒலையில போட்டாச்சா?" என்பார்கள்.

போனை எடுத்து அவருக்கு அடித்தால், அந்தப் பக்கம் அவர் அழுதுகொண்டிருந்தார். நான் அதற்கு முன் அவர் அழுது பார்த்ததில்லை. விஷயத்தைச் சொன்னதும் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டார். பிறகு, "கதிரோ கிதிரோ, மொதல்ல புள்ளய நல்ல டாக்டர்ட்ட காட்டு" என்றார். வாட்ஸப்பைப் பார்த்துவிட்டு நடுங்கிக்கொண்டிருந்த எனக்கு அது உறைத்தது. அடுத்த வாரமே ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினோம். மச்சியும் கூட வந்தார், ஆதாரத்துக்கு அந்தப் படத்தோடு.

டாக்டரம்மா நடுத்தர வயது. அதிகம் சிரிக்காதவர். முதலில் காது கேட்கிறதா என்று சோதனை செய்து வரச் சொன்னார். காது நன்றாகவே இருந்தது. மச்சி படத்தை நீட்டினார். டாக்டரம்மா அதைக் கவனமாகவே பார்த்தார். "இந்தப் படத்துல போட்ருக்குற மாதிரி நடக்குதுன்னு யாரும் உறுதியா சொல்லலம்மா. ஆராய்ச்சி இன்னும் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. தூங்கும்போது தலைமாட்டுல வைக்காதீங்க, பிள்ளை காதுல ஒட்டி வைக்காதீங்க. அது போதும். எனக்குக் கவலை அது இல்ல" என்றார். "இவ யாரோட பேசுறா, இவளோட யார் பேசுறா? அதச் சொல்லுங்க."

நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது, மேஜையில் கிடந்த டாக்டரம்மாவின் போன் வெளிச்சம் போட்டு அதிர்ந்தது. என் மகள் என் மடியிலிருந்து சறுக்கி இறங்கி, மேஜை விளிம்பைப் பிடித்து எக்கி, அந்தப் போனைப் பார்த்து, "வாப்பா" என்றாள். அவ்வளவு பாசமாகச் சொன்னாள். பிறகு உதட்டைக் குவித்து அதற்கு முத்தம் கொடுக்கப் போனாள்.

டாக்டரம்மா போனை எடுக்கவில்லை. அது அடித்து ஓயும்வரை பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்க அப்பாவ நேர்ல பார்த்திருக்காளா?" என்றார். பார்த்திருக்கிறாள், ஞாபகம் இருக்காது என்றேன். என் பிள்ளைக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அது. அந்த ஒன்றும் தப்பான பொருளுக்குப் போயிருக்கிறது. அவளுக்கு வாப்பா என்று ஒரு மனிதர் இல்லை. எல்லோர் வீட்டிலும் மேஜைமேல் கிடக்கிற சாமான்தான் வாப்பா.

"அப்ப போனையே நிறுத்திரணுமா டாக்டர்?" என்று கேட்டேன். நிறுத்தினால் இருக்கிற வாப்பாவும் போய்விடுவார். நிறுத்தாவிட்டால் பிள்ளை பேசாமலே போய்விடுவாளோ என்று பயம். எந்தப் பக்கம் போனாலும் அடி. அதட்டலாகத்தான் கேட்டேன். பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வந்துவிடும். டாக்டரம்மா அதைப் பொருட்படுத்தவில்லை. "படத்த நிறுத்துங்க. அவர நிறுத்தாதீங்க" என்றார். "அவர் பேசட்டும். ஆனா சும்மா மூஞ்சியக் காட்டிட்டு இருக்கக் கூடாது. இவளோட விளையாடணும், இவ செய்யுறதுக்கு அவர் பதில் செய்யணும். நீங்களும் பக்கத்துல உக்காரணும். மத்த நேரமெல்லாம் நீங்க பேசுங்க. அவ பதில் சொல்லலன்னாலும் பேசுங்க. அப்புறம், போனுக்குப் போன்னு பேர் வைங்க. வாப்பாவுக்கு வாப்பான்னு வைங்க."

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணிடமும் மாதம் இரண்டு முறை வரச் சொன்னார். டாக்டரம்மா மட்டும் அன்றைக்கு, "போனைத் தூக்கி எறி" என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பியிருந்தால் நான் கேட்டிருப்பேன். என் பிள்ளைக்கு வாப்பா இல்லாமல் போயிருக்கும். அந்தக் கணக்குக்குத்தான் அவருக்குத் துஆ.

படத்தை நிறுத்திய முதல் வாரம் வீடு கர்பலாப் போர்க்களம்தான். தரையில் விழுந்து புரள்வாள், சோறு வேண்டாம், தூக்கம் வேண்டாம். நானும் அவளோடு சேர்ந்து ஒருநாள் உட்கார்ந்து அழுதேன். மச்சி வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு புள்ளைகளையும் நான்தான் தூக்கணும் போல" என்று எங்கள் இருவருக்கும் ஊட்டிவிட்டுப் போனார். பெருக்கியிருக்கிறேனா என்று அன்றைக்கு மூலையைப் பார்க்கவில்லை. என் ஆயுசுக்கும் அதை மறக்க மாட்டேன்.

பேசச் சொன்னார்களா, பேசினேன். தெருவில் என் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. ஆனால் பதில் சொல்லாத பிள்ளையிடம் பேச எனக்கு அதுவரை ஒன்றுமே தோன்றியதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. "இந்தா பாரு வெங்காயம். உம்மா உரிக்கிறேன். ஆத்தாடி, கண்ணு எரியுது." வீட்டில் யாருமில்லாமல் நான் தனியாகப் பேசுகிறேன் என்று எதிர்வீட்டில் சந்தேகப்பட்டார்கள். சாயங்காலத்தில் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவேன். ஒருநாள் பாம்பனுக்கு மச்சியோடு போனபோது கருவாடு காயப்போட்டிருந்த இடத்தில் காக்கையை விரட்டிக்கொண்டிருந்தார்கள். என் இடுப்பில் இருந்தபடியே அவளும் கையை வீசி, "போ! போ!" என்றாள். அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிச் சொல்லி எனக்கும் மச்சிக்கும் ஒரே கூத்து. பக்கத்திலிருந்த பெண்கள் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஒரு காக்கை பறந்ததற்கா இத்தனை அல்ஹம்துலில்லாஹ் என்று நினைத்திருப்பார்கள்.

என் வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னதும் முதலில் அவருக்கு முகம் வாடியது. பிறகு, "இவளுக்கு என்னையக் கழுத்துக்கு மேலதான தெரியும்?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம், சொம்பில் சாய்ந்திருந்தது வெறும் முகம்தான். கை உண்டு, கால் உண்டு, நடப்பார், குனிவார் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அப்போதுதான் அந்த நேபாளிக்காரர் வந்தார். அவரும் மகளை ஊரில் விட்டு வந்தவராம். "நீ ஆடு, நான் பிடிக்கிறேன்" என்று போனை வாங்கிக்கொண்டாராம். அன்றுமுதல் என் வீட்டுக்காரர் முழு ஆளாக வந்தார். அந்தச் சின்ன அறையில் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையில் நடந்து காட்டினார், குதித்துக் காட்டினார். கைலியை மடித்துக் கட்டி யானை மாதிரி நாலு காலில் போனார். இங்கே இவள் கரண்டியைத் தூக்கினால் அங்கே அவர் கரண்டியைத் தூக்குவார். செருப்பைக் காட்டினால் செருப்பு. வேலையில் மூட்டை தூக்கிக் களைத்து வந்த ஆள், குளிப்பதற்கு முன்னால் யானையாகிப் பிளிறினார். பிடித்துக்கொண்டிருந்தவரின் சிரிப்புச் சத்தம் மட்டும் எங்களுக்குக் கேட்கும், படம் குலுங்கும். அவர் பிடிக்கிற ஆள் என்பதால் ஒரு தடவைகூடப் படத்தில் விழவில்லை. என் வீட்டுக்காரர் விடுப்பில் வருவதற்குள் அவர் வேறு கம்பெனிக்கு மாறிப் போய்விட்டார். எங்கிருந்தாலும் அவரும் அவர் மகளும் நன்றாக இருக்க வேண்டும்.

விடுப்பில் வருகிற நாள் நெருங்க நெருங்க எனக்குப் பயம் கூடியது. பிள்ளை இப்போது தண்ணி, மீன், தா, போ, மாமி என்று நிறையவே பேசினாள். போனைப் போன் என்றாள். ஆனால் வாப்பா யார் என்பது அவளுக்குத் தெரியுமா என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் வந்து நின்று, பிள்ளை யாரோ என்று பார்த்தால் அந்த மனிதர் தாங்குவாரா? இதற்காகவே வருகிறவர்.

திருச்சியில் இறங்கி, கார் பிடித்து, காலையில் வந்தார். வாசலில் தெருவே நின்றது. சலாம் சொல்லிவிட்டு அவளைப் பார்த்துக் கையை நீட்டினார். பிள்ளை என் கழுத்தை நெரிக்கிற மாதிரிக் கட்டிக்கொண்டு அலறினாள். "புதுசுல அப்படித்தான்" என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் சிரித்தார். கை மட்டும் கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தது.

மச்சிதான் யோசனை சொன்னார். "நீ கொல்லைக்குப் போயி வீடியோவுல கூப்புடுடா. பேசிக்கிட்டே உள்ள வா." அவர் போய்க் கூப்பிட்டார். போனில் முகம் வந்ததும் பிள்ளை குதித்தாள், "வாப்பா!" என்று கரண்டி தேட ஓடினாள். அவர் பேசிக்கொண்டே கதவைத் திறந்து உள்ளே வந்தார். பிள்ளை போனைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள். இரண்டும் ஒரே நேரத்தில் வாயசைத்தன. பயந்து மூச்சடைத்து, நீலம் பாரித்து அழுத அழுகையை நான் சொல்ல மாட்டேன். அவர் போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டு, "விடுங்க, யாரும் ஒண்ணும் பண்ண வேணாம். நான் இங்கனதான கெடக்கப்போறேன். அவளா வரட்டும்" என்றார். அறைக்குள் போய் நான் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். இத்தனை பாடும் வீண்தானா யா அல்லாஹ் என்று கேட்டேன்.

அவர் சொன்னபடியே கிடந்தார். தூக்க முயலவில்லை, மிட்டாய் காட்டவில்லை. சஹனில் தன் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து சாப்பிட்டார். அவள் என் மடியிலிருந்து அவர் கை சோற்றுக்கும் வாய்க்கும் போவதைப் பார்த்தபடியே தின்றாள். ஒருநாள் அவர் மீனின் முள்ளை எடுத்துத் துண்டை அவள் பக்கம் தள்ளினார். அதை எடுத்துத் தின்றாள், அவரைப் பார்க்கவில்லை. அவர் நடந்தால் தூரத்தில் பின்னாலேயே போவாள், திரும்பினால் ஓடிவிடுவாள். யாரிடமும் வாப்பா என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. அதுவும் மறந்துவிட்டதோ என்று பயந்தேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலையில் பசியாறிவிட்டு அவர் கூடத்தில் காற்றாடிக்குக் கீழே பாயில் சாய்ந்தவர், அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். மச்சி என்னோடு அடுப்படியில் இருந்தார். பிள்ளையைக் காணோமே என்று எட்டிப் பார்த்தேன். அவர் தலைமாட்டில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தாள். அசையாமல் முகத்தையே பார்த்தாள். பிறகு ஒரு விரலை நீட்டி, அவர் கன்னத்தில் வைத்து, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கமாகத் தள்ளினாள். அடுத்த படத்துக்குப் போக என்ன செய்வோமோ, அதைச் செய்தாள். முகம் போகவில்லை. அங்கேயே இருந்தது. மறுபடி தள்ளினாள். இரண்டு நாளாகத் தாடி வழிக்காத முகம். விரலை எடுத்து உற்றுப் பார்த்தாள்.

"குத்துது" என்றாள்.

நான் சொல்லிக்கொடுக்காத வார்த்தை அது. எங்கே கேட்டாள், எப்போது எடுத்து வைத்தாள், தெரியாது. அவருக்கு முழிப்பு வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது, தொண்டை அசைந்தது. ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. அவள் இப்போது உள்ளங்கையை வைத்துத் தடவினாள். பிறகு குனிந்து, தன் கன்னத்தை அவர் கன்னத்தில் வைத்தாள். சட்டென்று எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

"வாப்பா குத்துது."

திரும்பவும் வைத்தாள். மூடிய கண்ணிலிருந்து அவருக்குத் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

தொழுகைக்குப் பாங்கு சொல்லுகிற நேரமாகிவிட்டது. மச்சி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தம்பியின் முகத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார். "ஏலே, ஜும்மாவுக்கு இப்படியேவா போவ? எந்திரிச்சு மொகத்த வழிடா!"

நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த பிள்ளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்:

"இன்னைக்கு வேணாம் லாத்தா. எம்மக இப்பத்தான் என்னையக் கண்டுபுடிச்சிருக்கா."